முடிந்த முடிபு எனப்படுவது: ஜெர்மானிய ஆய்வுலகின் சில வழக்குகளும் தமிழாய்வும்

முன்னுரை

சித்தாந்தம் என்னும் வடசொல்லுக்குச் சைவ நூலோர் ‘முடிந்த முடிபு’ எனப் பொருள் உரைப்பர். இதற்கு மேல் வினவுதற்கு இடமில்லாத நிலை என்பது அதன் கருத்து. சமயத் துறையில் அத்தகைய நிலையை அடைதற்கு நூலும் குருமரபும் சான்றாகின்றன. ஆய்வுத் துறையில் அந்நிலை எவ்வாறு எய்தப்படுகிறது என்பது வேறொரு வினா. எல்லாத் துறைகளுக்கும் பொதுவான ஒரு விடை அதற்கு இல்லை. கணிதத்தில் முடிந்த முடிபாவது வேறு; புவியியலில் முடிந்த முடிபாவது வேறு; மொழியியலிலோ ஒரே கொள்கையின் ஒரு பாதி முடிந்த முடிபாகவும் மறு பாதி தீராத வழக்காகவும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிற்பதுண்டு.

தமிழ் மரபில் இதற்கென அரங்கேற்றம் என்றோர் அமைப்பு இருந்தது. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அந்நூல் உரைக்கப்பட்டதாகக் கூறுகிறது. ஆசான் குற்றங்களை எடுத்துக்காட்ட, தொல்காப்பியர் அவற்றுக்கு விடை கூறினார் என்று நச்சினார்க்கினியர் விரித்துரைப்பார். இவ்வமைப்பில் மூன்று கூறுகள் உண்டு. தடை எழுப்புவோர் ஒருவர் இருக்கிறார். தடைக்கு நூலாசிரியரே விடை கூறுகிறார். ஒரே அவையில் ஒரே அமர்வில் வழக்கு முடிந்துவிடுகிறது. இவற்றுள் முதலிரண்டும் இன்றைய ஆய்வுலகிலும் உள்ளன. மூன்றாவது இல்லை. இற்றை ஆய்வில் நூலாசிரியர் பெரும்பாலும் தீர்ப்பைக் கேட்பதற்கு உயிரோடு இருப்பதில்லை.

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுவன ஜெர்மானிய ஆய்வுலகின் சில வழக்குகள். அவற்றுள் இரண்டு தமிழாய்வோடு நேரடித் தொடர்புடையன. ஒன்று கடல்கொண்ட நிலம் பற்றியது. மற்றொன்று வடமொழியில் உள்ள திராவிடச் சொற்களைப் பற்றியது.

மெய்ப்பிப்பும் ஏற்பும்

கணிதத்தில் மெய்ப்பிப்பு என ஒன்று உண்டு. மெய்ப்பிக்கப்பட்டவுடன் ஏற்பு தானே வந்துவிடும் என்பது பொதுவான எண்ணம். பெர்லினில் பிறந்த குர்ட் ஹேக்னர் (1893–1965) என்பவரின் வரலாறு அவ்வெண்ணத்தைத் தடுமாறச் செய்வது. காஸ் 1801இல் வெளியிட்ட எண்ணியல் நூலில், இன்று கற்பனை இருபடிக் களங்கள் எனப்படுவனவற்றுள் ஒற்றை வகுப்பெண் உடையவை எத்தனை என்னும் வினாவுக்கு வித்திட்டார். அறியப்பட்டவை ஒன்பது, அவற்றின் இறுதி எண் 163. பத்தாவது ஒன்று இருப்பின் அதற்கு மேல் இல்லை என்பதை 1934இல் ஹைல்பிரானும் லின்ஃபுட்டும் காட்டினர். அந்தப் பத்தாவது இல்லவே இல்லை என்று 1952இல் ‘மாதமாட்டிஷெ சைட்ஷ்ரிஃப்ட்’ என்னும் கணித இதழில் ஹேக்னர் மெய்ப்பித்தார்.

எவரும் ஏற்கவில்லை. ஹேக்னர் பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாதவர்; வானொலிப் பொறியியலும் பள்ளி ஆசிரியப் பணியும் அறிந்தவர். கட்டுரையின் நடையும் எளிதன்று. அவர் முந்தைய நூலொன்றில் முழுமையாக நிறுவப்படாத ஒரு கூற்றைத் துணையாகக் கொண்டார் என்றும், அதனால் மெய்ப்பிப்பில் இடைவெளி உள்ளது என்றும் வல்லுநர் கருதினர். 1966இல் ஆலன் பேக்கரும் 1967இல் ஹரால்டு ஸ்டார்க்கும் தத்தம் வழியில் அதே முடிவை எய்தினர். அதன் பின்னரே ஹேக்னரின் கட்டுரை மீண்டும் படிக்கப்பட்டது. 1968இல் டொய்ரிங், 1969இல் ஸ்டார்க் ஆகியோர் அந்த இடைவெளி பெரிதன்று, மெய்ப்பிப்பு அடிப்படையில் சரியானதே என்று காட்டினர். ஹேக்னர் இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இங்குக் கருதத்தக்கது, மெய்ப்பிப்பு மாறவில்லை என்பதே. 1952இல் அச்சான அதே பக்கங்கள்தாம் 1969இலும் இருந்தன. மாறியது, வேறிரு வழிகளில் சென்றோர் அதே இடத்தை அடைந்தனர் என்னும் செய்தி. வேறு வழியாக வந்த சான்று, முன்னைய வழியைத் திரும்பிப் பார்க்கும் துணிவைத் தந்தது.

ஃபிராங்க்பர்ட், 6 சனவரி 1912

புவியியல் வழக்கு இதனினும் நீண்டது. பெர்லினில் 1880இல் பிறந்த ஆல்பிரெட் வேகெனர் வானியலில் முனைவர் பட்டம் பெற்றவர், தொழிலால் வானிலையாளர், மார்பர்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். 1911இன் இலையுதிர் காலத்தில், பிரேசிலிலும் ஆப்பிரிக்காவிலும் ஒரே வகைத் தொல்லுயிர் எச்சங்கள் கிடைப்பது பற்றிய தொகுப்பொன்றை அவர் படித்தார். அடுத்த ஆண்டு சனவரி 6ஆம் நாள் ஃபிராங்க்பர்ட் நகரின் சென்கன்பெர்க் அருங்காட்சியகத்தில் புவியியல் சங்கத்தார் முன், கண்டங்கள் ஒருகாலத்தில் ஒன்றாயிருந்து பின்னர்ப் பிரிந்து நகர்ந்தன என்று உரையாற்றினார். நான்கு நாள் கழித்து மார்பர்க்கிலும் அதே பொருளில் பேசினார். ‘கண்டங்களும் பெருங்கடல்களும் தோன்றிய வகை’ என்னும் பொருள்படும் அவருடைய சிறுநூல் 1915இல் முதற்பதிப்பாகவும், 1920, 1922, 1929 ஆகிய ஆண்டுகளில் திருத்திய பதிப்புகளாகவும் வெளிவந்தது.

அந்நாளைய புவியியலார் இக்கரை, அக்கரை உயிரினங்களின் ஒப்புமைக்கு நிலப்பாலங்களைக் காரணம் கூறிவந்தனர். இரு கண்டங்களுக்கு இடையே நிலம் இருந்தது, பின்னர் அது கடலில் அமிழ்ந்தது என்பது அக்கொள்கை. வேகெனர் இதற்கு எழுப்பிய தடை எளிமையானது, ஆனால் கடுமையானது. கண்டங்கள் எடை குறைந்த பாறையால் ஆனவை. கடலடித் தரை எடை மிகுந்த பாறையால் ஆனது. எடை குறைந்தது எடை மிகுந்ததன் மேல் மிதக்கிறது. மிதக்கும் கட்டை நீரினுள் தானே மூழ்கிப்போகாதவாறு, கண்டமும் கடலடிக்குள் மூழ்கிப்போகாது. நிலம் மூழ்கவில்லையெனின் அது நகர்ந்திருக்க வேண்டும். எதிர்வாதத்தின் அடித்தளத்தை இதனினும் நேராகத் தாக்குவது அரிது.

ஆயினும் தோற்றவர் வேகெனரே. கண்டங்களை நகர்த்தும் விசை எது என்னும் வினாவிற்கு அவர் கூறிய விடை பிழையானது. புவிச் சுழற்சியால் எழும் விசையையும் அலையேற்ற விசையையும் அவர் காட்டினார். அவை கண்டத்தை அசைக்கப் போதா என்பதை ஆங்கிலேயரான ஹரால்டு ஜெஃப்ரீஸ் 1924இல் கணக்கிட்டுக் காட்டினார். கிரீன்லாந்து ஐரோப்பாவிலிருந்து ஆண்டுக்குப் பல மீட்டர் விலகிச் செல்கிறது என்று வேகெனர் சான்றாகக் காட்டிய அளவீடும் பிழைபட்டதே. ஜெர்மனியிலேயே மாக்ஸ் செம்பர் என்பார், வேகெனர் புவியியலைவிட்டு வேறு துறையைப் பார்த்துக்கொள்வது நலம் என்னும் கருத்துப்பட 1917இல் எழுதினார். 1926இல் நியூயார்க்கில் அமெரிக்க எண்ணெய்ப் புவியியலார் சங்கம் கூட்டிய கருத்தரங்கில் எதிர்ப்பே மேலோங்கியது. 1930 நவம்பரில், ஐம்பதாம் பிறந்தநாள் கடந்து சில நாள்களில், கிரீன்லாந்துப் பனிப்பரப்பில் வேகெனர் இறந்தார். உடல் மறு ஆண்டு மே மாதம்தான் கண்டெடுக்கப்பட்டது.

எதிர்த்தோர் அறியாமையால் எதிர்த்தனர் என்று பின்னாளில் எழுதப்படும் வரலாறுகள் நேர்மையற்றவை. அவர்கள் கேட்ட வினா முறையானது. விடை அப்போது இல்லை. பொறிமுறை தெரியாத கொள்கையை ஏற்க மறுப்பது ஆய்வொழுக்கத்திற்கு மாறானதன்று. குறை வேறோரிடத்தில் இருந்தது. மூழ்கும் நிலப்பாலத்திற்கும் பொறிமுறை இல்லை என்பதை அவர்கள் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளவில்லை. பழங்கொள்கைக்கு ஓர் அளவுகோல், புதுக்கொள்கைக்கு மற்றோர் அளவுகோல்.

தீர்ப்பு வந்த திசை எவரும் எதிர்பாராதது. பாறை உருகி இறுகும்போது அதிலுள்ள இரும்புத் தாதுக்கள் அக்காலப் புவிக்காந்தப் புலத்தின் திசையைப் பதிந்து கொள்கின்றன. அதனைக் கொண்டு அப்பாறை எந்த அகலாங்கில் உருவாயிற்று என அறியலாம். 1950களின் முற்பகுதியில் கேம்பிரிட்ஜில் மாணவராயிருந்த டெட் இர்விங், தக்காணத்தின் எரிமலைப் பாறைகளை இம்முறையில் ஆராய்ந்து, இந்தியா தென்கோளத்திலிருந்து வடக்கே நகர்ந்து வந்தது எனக் கண்டார். 1954இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு ஏற்கப்படவில்லை. 1956இல் லண்டனிலிருந்து கிளெக் முதலான மூவர் வெளியிட்ட இந்தியப் பாறைக் காந்தவியல் கட்டுரையும் அதே முடிவைத் தந்தது.

அடுத்து வந்தது கடலடிச் சான்று. 1962இல் பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின்போது ‘ஓவன்’ என்னும் பிரித்தானியக் கப்பலில் சென்ற டிரம்மண்டு மேத்யூஸ், இந்தியப் பெருங்கடலின் வடமேற்கிலுள்ள கார்ல்ஸ்பெர்க் மலைத்தொடரின் காந்தப் புலத்தை அளந்தார். (அத்தொடருக்கு அப்பெயர் வந்தது, முன்னர் அக்கடலை ஆராய்ந்த டேனிஷ் கப்பலுக்குப் பொருளுதவி செய்த பீர் ஆலை அறக்கட்டளையால்.) அவருடைய மாணவர் ஃபிரெட் வைன் அவ்வளவுகளை விளக்கினார். மலைத்தொடரின் நடுவே புதுத்தரை தோன்றி இருபுறமும் விலகுகிறது. புவிக்காந்தம் தலைகீழாகும் ஒவ்வொரு முறையும் அத்தரையில் ஒரு பட்டை பதிகிறது. 1963 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் அக்கட்டுரை வந்தது. அதே கருத்தைக் கனடாவின் லாரன்ஸ் மார்லி அவ்வாண்டிலேயே எழுதி இரு இதழ்களுக்கு அனுப்பி, இரண்டும் மறுத்திருந்தன. 1966இல் பசிபிக்கின் தென்பகுதியில் எடுக்கப்பட்ட காந்தப் பதிவு இருபுறமும் கண்ணாடியில் கண்டாற்போல் ஒத்திருந்தது. அதன்பின் ஓரிரு ஆண்டுகளில் ஒரு துறை முழுவதும் கட்சி மாறியது. 1980களில் பவேரியாவின் வெட்செல் போன்ற நிலையங்கள் தொலைவான விண்கதிர் மூலங்களைக் கொண்டு கண்டங்களிடைத் தொலைவை நேரடியாக அளந்தன. ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் விலகுகின்றன. வேகெனரின் எண் பிழை, திசை சரி.

கடல்கொண்ட நிலம்

இவ்வழக்கு தமிழாய்வாளருக்கு அயலான கதையன்று. வேகெனர் வீழ்த்த முயன்ற நிலப்பாலங்களுள் ஒன்றே லெமூரியா. லெமூர் என்னும் விலங்கினமும் அதன் உறவினங்களும் மடகாசுகரிலும் இந்தியாவிலும் காணப்படுவதை விளக்க, 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார் அப்பெயரைப் படைத்தார். அதனை மாந்தர் பிறப்பிடமாக உயர்த்தியவர் ஜெர்மனியின் யேனா நகரப் பேராசிரியர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். 1868இல் வெளியான அவருடைய படைப்பு வரலாற்று நூலும் அதன் அடுத்தடுத்த பதிப்புகளும் இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய நிலத்தை மாந்தர் தொட்டிலாகக் கருத இடந்தந்தன. 1885இல் மக்லீன் தொகுத்த சென்னை மாகாண ஆட்சிக் கையேடு இக்கருத்தைத் தென்னிந்தியாவிற்குக் கொண்டுவந்தது. அங்கே அது முன்பே இருந்த வேறொரு நினைவோடு கலந்தது. கலித்தொகையும் சிலப்பதிகாரமும் சுட்டும் கடல்கோள், இறையனார் களவியல் உரை கூறும் முச்சங்க வரலாறு, அடியார்க்கு நல்லார் கணக்கிடும் 49 நாடுகள் ஆகியன அந்நினைவின் ஏடுகள். 1941இல் கா. அப்பாதுரையார் ‘குமரிக்கண்டம் அல்லது கடல்கொண்ட தென்னாடு’ என்னும் நூலை வெளியிட்டபோது இரு நீரோட்டங்களும் ஒன்றாகிவிட்டிருந்தன.

ஒரு துறையின் இடைக்காலக் கருதுகோளை மற்றொரு துறை முடிந்த முடிபாக ஏற்றுக்கொண்டது என்பதே நிகழ்ந்தது. கடன் கொடுத்த துறை தன் கருதுகோளைத் திரும்பப் பெற்றுக்கொண்ட செய்தி, கடன் வாங்கிய துறைக்குப் போய்ச் சேரவில்லை. வேகெனர் தம் நூலில் லெமூரியாவைக் கைவிடவில்லை என்பது சுவையான செய்தி. ஆனால் அவருடைய லெமூரியா மூழ்கவில்லை. இந்தியாவிற்கும் ஆசியாவிற்கும் இடையே நீண்டு கிடந்த நிலம் நெருக்குண்டு மடிந்து இமயமாக எழுந்தது என்பது அவர் விளக்கம். அவ்விளக்கத்தின்படி தேட வேண்டிய திசை குமரிக்குத் தெற்கன்று, நேர் எதிராக வடக்கே. லெமூரியாவிற்கு உரிய கடலாகக் கருதப்பட்ட இந்தியப் பெருங்கடலின் அடித்தரையே 1963இல் நிலப்பாலக் கொள்கையை முடித்துவைத்தது. அத்தரை கண்டப்பாறை அன்று. நடுக்கடல் மலைத்தொடரில் தோன்றி விலகிய கடற்பாறை.

மதுரையில் 1981 சனவரியில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு கூடியபோது புவித்தட்டுக் கொள்கை ஐயத்திற்கு அப்பாற்பட்டதாகி ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. அம்மாநாட்டில் குமரிக்கண்டம் பற்றித் தமிழ்நாட்டரசின் ஆதரவில் எடுக்கப்பட்ட ஆவணப்படம் திரையிடப்பட்டது. குமரிக்கண்டமே மாந்தரின் பிறந்தகம் என வாழ்நாள் முழுதும் வாதிட்ட தேவநேயப் பாவாணர், அம்மாநாட்டில் உரையாற்றியபின் நோயுற்று, அம்மாதமே மதுரையிலேயே மறைந்தார். அவருடைய சொல்லாராய்ச்சியின் கூர்மையைப் போற்றுவோரும், புவியியல் பகுதியைப் பற்றி வாய்திறக்கத் தயங்கினர். தயக்கத்தின் காரணம் மரியாதை. ஆனால் மரியாதை தடை எழுப்புவோரின் வாயை அடைத்துவிட்டால், அதங்கோட்டாசான் இல்லாத அரங்கேற்றமாகவே அது முடியும்.

இன்றும் அவ்வப்போது இவ்வழக்கு உயிர்பெறுகிறது. மொரீசியசுத் தீவின் கடற்கரை மணலில் மிகத் தொன்மையான சிர்க்கான் மணிகள் இருப்பதாக 2013இல் ஒரு குழுவினர் அறிவித்தனர். 2017இல் ஜெர்மனியின் போட்ஸ்டாம் புவியறிவியல் மையத்துக் கருவியின் துணையோடு நிகழ்ந்த ஆய்வு, அத்தகைய மணிகளுள் சில 300 கோடி ஆண்டுப் பழமையுடையவை எனக் காட்டியது. தமிழ் நாளிதழ்களும் காணொலிகளும் லெமூரியா கிடைத்துவிட்டது என மகிழ்ந்தன. அவ்வாய்வு கூறுவது, இந்தியாவும் மடகாசுகரும் பிரிந்தபோது உடைந்த ஒரு சிறு கண்டத்துண்டு எரிமலைக் குழம்பின் கீழ்ப் புதைந்து கிடக்கிறது என்பதே. அப்பிரிவு நிகழ்ந்தது 8 கோடி ஆண்டுகளுக்கு முன். மாந்த இனத்தின் வயது ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகள். அந்நிலத்தில் எந்தப் பாண்டியனும் அவை கூட்டியிருக்க இயலாது.

கடல்கோள் நினைவு முழுவதும் பொய் என்று இதனால் ஆகிவிடாது. பனியூழியின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றைக்கு 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. பின்னர் உயர்ந்து ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய நிலையை நெருங்கியது. தமிழகக் கரையும் ஈழக்கரையும் அதனால் நிலம் இழந்தன. அக்காலத்தில் இரண்டும் நிலத்தால் இணைந்திருந்தன. அலையரிப்பும் ஆழிப்பேரலையும் வரலாற்றுக் காலத்திலும் ஊர்களைக் கொண்டிருக்கின்றன. இந்த அளவிற்குட்பட்ட கடல்கோளை எந்தப் புவியியலாளரும் மறுப்பதில்லை. பெரிய கண்டத்தைக் கேட்டதால், கிடைத்திருக்கக்கூடிய சிறிய கரையை ஆராயும் பணி பின்தங்கியது. உண்மையான இழப்பு அதுவே.

குண்டர்ட்டின் பதினான்கு பக்கங்கள்

மொழியியல் வழக்கு 1869இல் தொடங்குகிறது. ஸ்டுட்கார்ட்டில் 1814இல் பிறந்து, டியூபிங்கனில் முனைவர் பட்டம் பெற்று, பாசல் சமயப் பணிக்குழுவின் சார்பில் தலைச்சேரியில் வாழ்ந்து மலையாளத்திற்கு இலக்கணமும் அகராதியும் செய்த ஹெர்மன் குண்டர்ட், நாடு திரும்பியபின் ஜெர்மானியக் கீழைத்தேயக் கழகத்தின் ஆய்விதழில் ‘வடமொழியில் திராவிடக் கூறுகள்’ என்னும் பொருள்படும் கட்டுரையை வெளியிட்டார். பதினான்கு பக்கங்களே கொண்ட கட்டுரை. (எழுத்தாளர் ஹெர்மன் ஹெசெயின் தாய்வழிப் பாட்டனார் என்றே இன்று ஜெர்மனியில் குண்டர்ட் அறியப்படுகிறார்.) கால்டுவெல் 1856இல் தம் ஒப்பிலக்கணத்தில் அத்தகைய சொற்களைச் சுட்டியிருந்தார். குண்டர்ட் அதனைத் தனிப்பொருளாக்கினார். 1894இல் மற்றொரு ஜெர்மானியரான ஃபெர்டினாண்ட் கிட்டல், தம் கன்னட அகராதியின் முன்னுரையில் நானூற்றுக்கு மேற்பட்ட சொற்களைப் பட்டியலிட்டார்.

திராவிட மொழிக்குடும்பம் என ஒன்று உண்டு என்னும் கொள்கையை இத்துடன் ஒப்பிடுதல் வேண்டும். 1816இல் எல்லிஸ் கூறி, கால்டுவெல் விரித்த அக்கொள்கையை இன்று எந்த மொழியியலாளரும் மறுப்பதில்லை. ஒலியொப்புமை விதி ஒழுங்காக இயங்குகிறது. எண்ணுப்பெயர், உறுப்புப்பெயர், மூவிடப்பெயர் ஒன்றையொன்று தாங்குகின்றன. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட சொற்பிறப்பகராதி அதனை நிலைநிறுத்தியது. கடன்சொல் வழக்கில் அத்தகைய விதி ஒழுங்கு இயல்பிலேயே கிடைப்பதில்லை. ஒவ்வொரு சொல்லும் தனி வழக்கு. வடமொழியில் ‘கல’ என்னும் சொல்லும் தமிழின் களமும் போர்க்களத்தையும் நெற்களத்தையும் நினைவூட்டுகின்றன. ‘பல’ என்னும் சொல் பழத்தை நினைவூட்டுகிறது. ‘மயூர’ மயிலையும் மஞ்ஞையையும். நினைவூட்டுவது சான்றாகுமா?

1940களில் ஆக்ஸ்போர்டின் தாமஸ் பரோ, ஆம் என்று விரிவாக விடை கூறினார். எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழிவட்டாரமாகக் காட்டி, நாமடி ஒலிகளும் தொடரமைப்பும் திராவிடத் தாக்கத்தைக் காட்டுகின்றன என்றார். ஜெர்மானிய வேத அறிஞருள் முதன்மையானவரான பவுல் தீமெ அதற்கு உடன்படவில்லை. 1955இல் பரோவின் வடமொழி நூலுக்கு எழுதிய மதிப்புரையில், திராவிட மூலம் கூறப்பட்ட சொற்களுக்கு வடமொழிக்குள்ளேயே மூலம் காணலாம் என வாதிட்டார். மான்பிரெட் மைர்ஹோபரின் பழைய இந்திய மொழிச் சொற்பிறப்பகராதிகள் இரண்டும் ஹைடல்பெர்க்கில் அச்சாயின. 1956 முதல் 1980 வரை வெளிவந்த முதலாவது, திராவிட மூலங்களுக்குத் தாராளமாக இடம் தந்தது. 1986 முதல் 2001 வரை வெளிவந்த இரண்டாவது, பலவற்றில் தயக்கம் காட்டியது. காலம் செல்லச்செல்ல ஏற்பு வளரும் என்பது பொதுவிதி எனின், இங்கே அது சிறிது பின்னும் சென்றது. தொடரியல், நாமடி ஒலி ஆகியவை பற்றியும் ஹாக், தேஷ்பாண்டே போன்றோர் 1970களில் தடை எழுப்பினர்.

தமிழில் எழுதப்படும் ஆய்வுகளில் பரோவும் எமனோவும் மேற்கோளாகின்றனர். தீமெ மேற்கோளாவது அரிது. ஜெர்மன் மொழி பயில்வோர் குறைவு என்பது ஒரு காரணம். தீமெயின் அந்த மதிப்புரை ஆங்கிலத்திலேயே வெளிவந்தது என்பதால் அக்காரணம் முழுமையாகாது. தடையைப் படிக்காமல் பெறப்படும் ஏற்பு, தமிழ்நாட்டு எல்லைக்குள் மட்டும் செல்லும் நாணயம்.

மொழியியலில் ஐயமற்ற தீர்ப்பு வருவது எவ்வாறு என்பதற்கும் ஜெர்மனியிலேயே உதாரணம் உண்டு. லைப்சிக்கில் மாணவராயிருந்த 21 வயது சசூர், 1878 இறுதியில் வெளியான தம் நூலில், இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் எந்த மொழியிலும் எஞ்சாத சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் எனக் கணித்தார். ஆசிரியர் பலர் பொருட்படுத்தவில்லை. 1906இல் வின்க்லர் துருக்கியின் பொகாஸ்கோயில் தோண்டியெடுத்த களிமண் ஏடுகளை, 1915இல் ஹ்ரோஸ்னி இந்தோ-ஐரோப்பிய மொழியாகப் படித்தார். 1927இல் குரிலோவிச், சசூர் கணித்த இடங்களில் ஹித்தைத்து மொழியில் ஓர் ஒலி நிற்பதைக் காட்டினார். சசூர் 1913இலேயே மறைந்துவிட்டார். ஹேக்னருக்கு வேறொரு மெய்ப்பிப்பு, வேகெனருக்குக் கடலடிக் காந்தம், சசூருக்குக் களிமண் ஏடு. குண்டர்ட்டுக்கு அத்தகைய வெளிச்சான்று இதுவரை கிடைக்கவில்லை. சிந்துவெளி எழுத்து அதனைத் தரக்கூடும் என்னும் நம்பிக்கை இருக்கிறது. அவ்வெழுத்து ஒருமனதாகப் படிக்கப்படும்வரை அது நம்பிக்கையே.

குகையும் குழியும்

தமிழாய்வு தனக்குள்ளேயே முறையான இறுதி ஏற்பை எய்திய வழக்கும் உண்டு. பாண்டிய நாட்டுக் குகைகளிலுள்ள பழைய பிராமிக் கல்வெட்டுகளைப் பிராகிருதமாகப் படிக்க கிருஷ்ண சாஸ்திரி 1919இல் முயன்றார். 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர், வடபுலப் பிராமியில் இல்லாத ழ, ள, ற, ன எழுத்துகள் அவற்றில் இருப்பதைச் சுட்டி, அவை தமிழே என்றார். அவர் கூற்று நெடுங்காலம் ஐயத்தோடு பார்க்கப்பட்டது. 1965இல் ஐராவதம் மகாதேவன் புகளூர்க் கல்வெட்டில் இரும்பொறைச் சேரர் வரிசையைக் கண்டார். பதிற்றுப்பத்துக்கும் பாறைக்கும் தொடர்பின்றி எழுதப்பட்ட இரு சான்றுகள் ஒன்றையொன்று உறுதிசெய்தன. 2003இல் அவருடைய பெருநூல் வந்தபோது வழக்கு முடிந்திருந்தது. 1924இன் கருத்து எண்பது ஆண்டுகளில் பாடநூலானது. எந்த மாநாட்டுத் தீர்மானமும் அதற்குத் தேவைப்படவில்லை.

கீழடி அத்தகைய பயணத்தின் தொடக்கத்தில் நிற்கிறது. 2018இன் நான்காம் பருவ அகழாய்வில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 580 என அமெரிக்க ஆய்வகம் ஒன்று அளந்ததாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. அதே பருவத்தில் தமிழ்-பிராமி பொறித்த ஓடுகள் 56 கிடைத்தன. கரியின் வயது ஆய்வகத்தில் தீர்ந்துவிட்டது. அக்கரி கிடந்த மண்ணடுக்கும், எழுத்துப் பொறித்த ஓடு கிடந்த மண்ணடுக்கும் ஒரே காலத்தனவா, பின்வந்தோர் தோண்டிய குழியால் ஓடு கீழிறங்கியிருக்குமா என்பன வேறு வினாக்கள். ஒவ்வோர் ஓட்டின் ஆழமும், அருகில் கிடந்த பொருளும், குழியின் வெட்டுமுகப் படமும் முழுமையாக அச்சாகி, பிற நாட்டுத் தொல்லியலார் அவற்றைத் தடையெழுப்பும் கண்ணோடு படித்த பின்னரே அவ்வினாக்கள் தீரும். பொருந்தல் ஓடுகளைப் பற்றியும் அதே வினாக்கள் எழுந்தன. எழுப்பியவருள் தமிழ்மேல் பற்றுடையவரும் இருந்தனர்.